மேற்கு மாம்பலத்தில் வாடகை வீடா? முதலில் தெருவைப் பாருங்கள்

வீடு பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குத்தான் வருகிறார்கள். அந்த நேரத்தில் சென்னை மேற்கு மாம்பலத்தின் எந்தத் தெருவும் நன்றாகத்தான் இருக்கும். கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்தப் பக்கமே வாடகை வீடுகளில் இருக்கிறேன். சொந்தக்காரர்கள், ஆபீஸ் தோழிகள் என்று பலருக்கும் வீடு பார்த்துக் கொடுத்திருக்கிறேன். எல்லோரிடமும் சொல்வது இதுதான்: ஹாலையும் அலமாரியையும் பார்க்கப் பத்து நிமிஷம் போதும். வார நாளில் காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு தடவை அந்தத் தெருவில் போய் நின்று பாருங்கள்.

காலையில் முதலில் கவனிக்க வேண்டியது தண்ணீர். இங்கே பல வீடுகளில் இரண்டு தண்ணீர் உண்டு. குடிக்க, சமைக்க மெட்ரோ, அதாவது குடிநீர் வாரியம் குழாயில் விடும் தண்ணீர்; குளிக்க, துவைக்க போர். பழைய வீடுகளில் மெட்ரோ தண்ணீருக்கு வாசலிலோ பக்கச் சந்திலோ அடி பம்பு இருக்கும். மூன்றாவது மாடியில் குடியிருந்துகொண்டு கீழே அடித்து, குடத்தை மேலே தூக்க முடியுமா என்று இப்போதே யோசியுங்கள். அபார்ட்மென்ட் என்றால் மெட்ரோ நேராக சம்ப்புக்குப் போகிறதா, அங்கே போர் தண்ணீரோடு கலக்கிறதா என்று கேளுங்கள்.

போர் தண்ணீரைப் பற்றி ஹவுஸ் ஓனரிடம் கேட்டால் "நல்ல தண்ணி" என்பார். நீங்கள் பாத்ரூமுக்குப் போய் ஷவரின் ஓட்டைகளைப் பாருங்கள். வெள்ளையாகப் பொருக்கு கட்டியிருந்தால் உப்புத் தண்ணீர், சோப்பு நுரைக்காது. அதோடு விடாதீர்கள். ஒரு பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வீட்டுக்கு எடுத்து வந்து மூடாமல் வையுங்கள். பிடிக்கும்போது தெளிவாக இருந்த தண்ணீர் மறுநாள் காலையில் மஞ்சளாகி, அடியில் துரு மாதிரி படிந்திருந்தால் அதில் இரும்பு இருக்கிறது. வெள்ளைச் சட்டை, பள்ளி யூனிஃபார்ம் எல்லாம் கொஞ்ச நாளில் பழுப்பாகிவிடும். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு இது சின்ன விஷயமே இல்லை.

இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "2019 கோடையில இந்த போர் வத்துச்சா?" அந்த வருஷம் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு, ஊரே லாரிக்குக் காத்துக் கிடந்தது. அப்போது தாக்குப்பிடித்த போர் என்றால் நம்பலாம். மழைநீர் சேகரிப்பு 2003லேயே கட்டாயமாகிவிட்டது. ஆனாலும் மொட்டை மாடியிலிருந்து இறங்கும் குழாய் குழிக்குப் போகிறதா, தெருவுக்குப் போகிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது மழை. இந்தப் பக்கம் முன்பு பெரிய ஏரி இருந்தது. அதைத் தூர்த்துத்தான் 1920களில் தியாகராய நகரை உருவாக்கினார்கள். லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது, ஏரிதான் இல்லை. தார் மேல் தார் போட்டுப் போட்டு ரோடு உயர்ந்துவிட்டதால், பழைய வீடுகள் பல ரோட்டுக்குக் கீழே போய்விட்டன. கேட்டில் நின்று பாருங்கள்: வீட்டுக்குள் படி ஏறிப் போகிறீர்களா, இறங்கிப் போகிறீர்களா? இறங்கிப் போகும் தரைத்தளம் என்றால் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள்; சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். பெரிய மழையில், ரயில் பாதைக்குக் கீழே தி.நகருக்குப் போகும் துரைசாமி சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றுவிடும். ஆபீஸ் தி.நகர் பக்கம் என்றால் மாம்பலம் ஸ்டேஷனுக்கு நடக்கும் தூரத்தில் வீடு பாருங்கள். 2023இல் திறந்த நடைமேம்பாலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை போகிறது. ரங்கநாதன் தெரு நெரிசலில் சிக்காமல் போய்விடலாம்.

தெருவைப் பற்றி யாரிடம் கேட்பது? இஸ்திரி வண்டிக்காரரிடம். நாள் முழுவதும் அங்கேயே நிற்கிறவர், எல்லா வீட்டுத் துணியும் அவர் கைக்கு வருகிறது. என் தோழிக்காக ஒரு வீடு பார்த்தபோது, "அண்ணா, அந்தப் பச்சை கேட் வீடு எப்படி?" என்று கேட்டேன். "பின் போர்ஷனா? காத்தே வராதும்மா. முன்னாடி இருந்தவங்க ஒரு கோடை கூட முழுசா இருக்கல" என்றார். புரோக்கர் இதைச் சொல்லவே மாட்டார். பூக்காரம்மா, பால் பூத்காரர், மளிகைக் கடை அண்ணாச்சி எல்லோரும் இப்படித்தான். குடிவந்த பிறகும் இவர்களிடம் வாடிக்கை வையுங்கள். ஆன்லைனில் எல்லாம் கிடைக்கும்தான். ஆனால் நீங்கள் ஊரில் இல்லாதபோது மாடி டேங்க் வழிந்தால் போன் பண்ணிச் சொல்வது இவர்கள்தான்.

சத்தத்தைப் பொறுத்தவரை, கோயில், மண்டபம் பக்கத்தில் வீடு எடுத்தால் மார்கழியில் விடியற்காலைப் பஜனை உண்டு. எனக்குப் பிடிக்கும். நைட் ஷிஃப்ட் வேலை என்றால் ஒரு தெரு தள்ளிப் பாருங்கள்.

குப்பை வண்டி வரும் நேரத்தைக் குடிவந்த முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். மக்கும் குப்பை தனியாக, மக்காதது தனியாகக் கொடுக்க வேண்டும். தெருவிளக்கு, சாக்கடை அடைப்பு, தேங்கிய மழைநீர் எதுவானாலும் மாநகராட்சியின் 1913க்குப் போன் செய்து, புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்து நாலு வீட்டையும் புகார் செய்யச் சொல்லுங்கள்.

கடைசியாகப் பணம். வீட்டுக்குத் தனி இ.பி. மீட்டர் இருக்கிறதா, இல்லை சப்-மீட்டரா? சப்-மீட்டர் என்றால் யூனிட்டுக்கு எவ்வளவு, மோட்டார் கரண்ட் யார் கணக்கில் என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள். 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதில் வேறு விதமாக எழுதாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள். அட்வான்ஸைப் பேங்க் மூலமாகவே அனுப்புங்கள்.