உப்புத்தண்ணீரில் தோட்டம்: டெல்லியில் எனக்குக் கைகொடுத்தது

டெல்லி துவாரகா பக்கம் எங்கள் போர் தண்ணீர் உப்பு. மே மாதம் லூ என்னும் வறண்ட அனல் காற்று அடிக்கும்போது மண்மேல் வெள்ளையாகப் பூத்து, இலை நுனியெல்லாம் கருகும். தினமும் கொஞ்சமாகத் தெளித்தால் இது இன்னும் கூடும்: தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு வேரடியிலேயே தங்கிவிடும்.

புல்தரையை முதலில் எடுத்தேன். இந்த வெயிலில் அதற்கு ஊற்றுவது வீண். மேல் பொருக்கை 1 அங்குலம் சுரண்டி வெளியேற்றி, 1 அடி ஆழம் கொத்தி, 3 பங்கு மண்ணுக்கு 1 பங்கு மக்கிய சாண எரு கலந்தேன். மழைக்காலத்தில் பாத்திக்கு வரப்பு கட்டி மழைநீரைத் தேக்கியதும் உப்பு கீழே இறங்கியது. வேலையில் பாதி இதுதான்.

பிறகு சொட்டுநீர்: மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவான் (குழாயில் மாட்டும் சின்ன முனை), செடிக்கு இரண்டு, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. கோடையில் வாரம் மூன்று முறை, விடியற்காலையில், ஒன்றரை மணி நேரம். சொட்டுவானின் வாயில் சுண்ணாம்பு படிந்து அடைத்தால் கழற்றி இரவு முழுக்க வினிகரில் ஊறப்போட வேண்டும். மேலே 3 அங்குலம் காய்ந்த இலை மூடாக்கு. மூடாக்கு தண்டைத் தொட்டால் தண்டு அழுகும்.

காகிதப்பூ, அரளி, சோற்றுக்கற்றாழை நன்றாகப் பிடித்தன. அரளி விஷம், சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு வேண்டாம். மல்லிகைக்கு மட்டும் தனித் தொட்டி, குழாய்த் தண்ணீர், ஆர்.ஓ. குடிநீர் சுத்திகரிப்பான் வெளியேற்றும் உப்புக் கழிவுநீரை அதற்கு ஊற்றவே கூடாது.