சாய்தளம் இருக்கிறது, ஏறத்தான் முடியவில்லை: பொதுக் கட்டடங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் வங்கி, தாலுகா அலுவலகம், கல்யாண மண்டபம் என்று எங்கே போனாலும் இப்போது வாசலோரம் ஒரு சாய்தளம் இருக்கிறது. அவற்றில் பலவற்றில் சக்கர நாற்காலியில் வருபவர் துணையில்லாமல் ஏற முடியாது. படிக்கட்டைக் கட்டி முடித்த பிறகு, மிச்சமிருக்கும் இடத்தில் சாய்தளத்தைத் திணிப்பதுதான் இதற்கு முக்கியக் காரணம்.

சரிவுக் கணக்கு

ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும். இதுதான் 1:12. இதைவிடச் செங்குத்தாகப் போனால் பலராலும் கைகளால் சக்கரத்தைத் தள்ளி ஏற முடியாது. நாற்காலி பின்பக்கமாகக் கவிழும் ஆபத்தும் உண்டு. இறங்கும்போது வேகத்தைப் பிடித்து நிறுத்துவது இன்னும் கடினம். “இரண்டு பேர் பிடித்துத் தள்ளினால் ஏறிவிடும்” என்று சொல்லிக் கட்டுவதைவிடக் கட்டாமலே விடலாம். செங்குத்தான சாய்தளத்தில் விழுந்து அடிபடுவது நிஜமாகவே நடக்கிறது.

2015 வெள்ளத்துக்குப் பிறகு நம் ஊரில் பேஸ்மட்டத்தை 3 அடிக்குக் குறையாமல் ஏற்றுகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் 3 அடிக்கு 36 அடி சாய்தளம் வேண்டும் என்பதை வரைபடத்திலேயே ஒதுக்க வேண்டும். நேராகப் போட இடமில்லையென்றால் 18 அடியில் ஒருமுறை திருப்பி, இரண்டு ஓட்டமாகப் போடலாம். திரும்பும் இடத்திலும், மேலேயும் கீழேயும் 5 அடிக்கு 5 அடி சமதளம் கட்டாயம். மேலே சமதளம் இல்லாமல் நேராகக் கதவில் போய் முட்டும் சாய்தளங்கள் நிறைய. ஒரு கையால் கதவைத் திறந்தபடி, மறு கையால் நாற்காலி பின்னோக்கி உருளாமல் பிடிக்க யாராலும் முடியாது. அவ்வளவு நீளத்துக்கு இடமே இல்லாத பழைய கட்டடத்தில் பிளாட்ஃபார்ம் லிஃப்ட் (சக்கர நாற்காலியோடு ஆளை மேலே தூக்கும் மேடை) வைப்பதுதான் வழி.

கொத்தனார் வேலையை முடித்ததும் சரிபார்ப்பது சுலபம். 4 அடி மட்டப்பலகையின் ஒரு முனையைச் சாய்தளத்தின் மேல் வைத்து, ரசமட்டம் பார்த்துக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். சாய்தளம் இறங்கும் பக்கத்தில் இருக்கும் பலகை முனைக்குக் கீழே இடைவெளி 4 அங்குலத்துக்குள் இருந்தால் சரி. 6 அங்குலம் இருந்தால் உடைத்துத்தான் கட்ட வேண்டும்.

அகலம் 1200 மி.மீ. கைப்பிடி இருபக்கமும், 760, 900 மி.மீ. என இரண்டு உயரங்களில். பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்தவருக்கு ஏறும்போது ஒரு பக்கம், இறங்கும்போது மறுபக்கம் கைப்பிடி தேவைப்படும். சுவரோரம் மட்டும் பொருத்துவது அதனால்தான் போதாது. சாய்தளம் முடிந்த பிறகும் கைப்பிடி 300 மி.மீ. நீள வேண்டும். தரைக்குப் பளபளப்பான கிரானைட் வேண்டவே வேண்டாம்; ஒரு தூறல் போதும், வழுக்கிவிடும்.

வாசலுக்கு முன்பே நின்றுபோகும் பாதை

கட்டடத்துக்குள் எல்லாம் சரியாக இருந்தும், வெளியே நடைபாதையில் பைக் ஏறாமல் தடுக்க நட்ட எஃகுத் தூண்கள் சக்கர நாற்காலியையும் தடுத்துவிடும். தூண்களுக்கு இடையே குறைந்தது 900 மி.மீ. இடைவெளி விட வேண்டும். மழைநீர் வடிகால் மீதான கம்பி மூடிகளும் அப்படித்தான்: கம்பிகள் நடக்கும் திசையிலேயே நீளவாக்கில் இருந்தால் நாற்காலியின் சின்ன முன்சக்கரம் உள்ளே இறங்கிச் சிக்கும். கம்பிகளைக் குறுக்காகப் போட்டு, இடைவெளியை 12 மி.மீ.க்குள் வையுங்கள்.

பார்க்கிங்கில் காருக்கு மட்டும் இடம் ஒதுக்குவது இன்னொரு தவறு. தமிழ்நாட்டில் அரசு வழங்கும் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் வருபவர்கள் ஏராளம். அந்த வண்டி சாதாரண டூவீலர் இடத்தில் அடங்காது. இறங்கி ஊன்றுகோலை ஊன்றவும் பக்கத்தில் இடம் வேண்டும். வாசலிலிருந்து 30 மீட்டருக்குள் அதற்கென்று தனி இடம் ஒதுக்குங்கள்.

பார்வையற்றவர்கள் காலாலும் கோலாலும் தொட்டு உணரும் மஞ்சள் நிறத் தொடுதரை ஓடுகளைப் பொறுத்தவரை, நீளக் கோடு என்றால் “இந்த வழியே போ”, புள்ளி என்றால் “நில், கவனி”. இரண்டையும் மாற்றிப் போட்டால் பார்வையற்றவரை நேராகப் படிக்கட்டின் விளிம்புக்கே அனுப்பிவிடுவோம். படிக்கட்டு தொடங்குவதற்கு 300 மி.மீ. முன்னால் புள்ளி ஓடு வர வேண்டும். மின்கம்பத்தில் போய் முடியும் வரிசைகளும், தரையோடு ஒத்துப்போக வேண்டும் என்று சாம்பல் தரையில் சாம்பல் ஓடு போடுவதும் அடிக்கடி கண்ணில் படுகின்றன. ஓரளவு பார்வை உள்ளவருக்கு அந்த மஞ்சள் நிறம்தான் வழிகாட்டி.

கழிப்பறை

இங்கேதான் தவறுகள் அதிகம். கதவு உள்பக்கம் திறந்தால், உள்ளே விழுந்தவரின் உடலே கதவை அடைத்துக்கொள்ளும். வெளிப்பக்கம் திறக்க வேண்டும், அல்லது தள்ளுகதவு. திறந்த நிலையில் 900 மி.மீ. வழி இருக்க வேண்டும். தண்ணீர் வெளியே வராமலிருக்க நம் ஆட்கள் வழக்கமாக 2 அங்குல நிலைப்படி வைப்பார்கள். அதற்குப் பதிலாகத் தரையை உள்பக்கம் லேசாகச் சரித்து, கதவோரம் நீள வடிகால் போட்டால் போதும்.

சாதாரண வெஸ்டர்ன் கோப்பையின் உயரம் சுமார் 400 மி.மீ. நாற்காலியின் இருக்கை அதைவிட உயரம். தாழ்வான கோப்பைக்கு இறங்கிவிடலாம், திரும்ப ஏறுவதுதான் பாடு. இருக்கை 450 முதல் 480 மி.மீ. உயரத்தில் வரும்படி கோப்பையைத் தேர்ந்தெடுங்கள். அதை நட்ட நடுவில் வைக்கவும் கூடாது: ஒரு பக்கம் சுவரோரம், மறுபக்கம் நாற்காலியை ஒட்டி நிறுத்த 900 மி.மீ. காலியிடம். சுவர்ப்பக்கம் நிலையான பிடிகம்பி, காலிப்பக்கம் மேலே மடக்கும் கம்பி.

அந்தக் கம்பியைப் பிளாஸ்டிக் பிளக்கும் திருகாணியும் வைத்து டைல்ஸில் பொருத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். முழு உடல் எடையும் அதில் தொங்கும்போது டைல்ஸோடு பெயர்ந்து வரும். ஹாலோ பிளாக் சுவராக இருந்தால் அந்த இடத்தில் முன்கூட்டியே கான்கிரீட் நிரப்பி, ஆங்கர் போல்ட் போட்டு, ஓர் ஆள் முழு பாரத்தையும் கொடுத்துத் தொங்கிப் பார்த்த பிறகு ஒப்புக்கொள்ளுங்கள்.

கட்டி முடித்த பின் இந்தக் கழிப்பறையைப் பூட்டிச் சாவியை யாரிடமோ கொடுப்பதும், துடைப்பம், பினாயில் கேன் வைக்கும் அறையாக்குவதும் நடக்கக் கூடாது.

லிஃப்டுக்குப் போக மூன்று படி ஏற வேண்டியிருந்தால் லிஃப்ட் வைத்தே பயனில்லை. பொத்தான்கள் தரையிலிருந்து 800 – 1000 மி.மீ. உயரத்தில் வேண்டும், பிரெயில் எழுத்தோடு மாடி எண்ணைச் சொல்லும் குரலும் வேண்டும். கவுன்டரில் ஒரு பகுதியையாவது 750 – 800 மி.மீ.க்குத் தாழ்த்தி, கீழே முழங்கால் நுழைய இடம் விடுங்கள். டோக்கன் எண்ணை வாயால் மட்டும் கூப்பிட்டால் காது கேளாதவருக்குத் தெரியாது, திரையில் மட்டும் காட்டினால் பார்வையற்றவருக்குத் தெரியாது. இரண்டும் வேண்டும்.

சட்டமும் பராமரிப்பும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 44-ஆவது பிரிவுப்படி, அணுகல் விதிகளுக்கு ஒத்துவராத வரைபடத்துக்கு அனுமதியும் இல்லை, கட்டி முடித்த சான்றிதழும் இல்லை. இருக்கும் பொதுக் கட்டடங்களை மாற்ற 45-ஆவது பிரிவு தந்த 5 ஆண்டு அவகாசம் 2022-லேயே முடிந்துவிட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக விடாமல் கட்டாய விதிகளாக்கச் சொன்னது.

பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காமல் விடுவதும் பெரிய பிழை. மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் கடலருகே போக 2022 நவம்பரில் திறந்த மரப்பாதை, அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமடைந்தது; பழுதுபார்த்த பிறகே மறுபடி பயன்பட்டது. கடலோர ஊரில் உப்புக்காற்று தாங்கும் எஃகும், ஒவ்வொரு பருவமழைக்குப் பிறகும் ஓர் ஆய்வும் திட்டச் செலவிலேயே சேர வேண்டும்.

ஒப்பந்ததாரரின் கடைசி பில்லை நிறுத்தி வைத்துவிட்டு, சக்கர நாற்காலி பயன்படுத்துபவர் ஒருவர், வெள்ளைக்கோல் பயன்படுத்துபவர் ஒருவர், காது கேளாதவர் ஒருவர் என மூவரை உரிய சம்பளம் கொடுத்து அழையுங்கள். பஸ் நிறுத்தத்திலிருந்து கவுன்டர் வரை, அங்கிருந்து கழிப்பறை, பிறகு திரும்ப நிறுத்தம் வரை யாரும் கைகொடுக்காமல் அவர்கள் போய்வரட்டும். எங்கே தடைபட்டு நின்றார்கள் என்று குறித்து, அதைச் சரிசெய்த பிறகு பில்லில் கையெழுத்திடுங்கள்.