திரும்பிப் போக முடியாதவர் தன்னை எந்தச் சொல்லால் சொல்வது?

புகலிட விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளராக உட்காருகிறேன். ஒருகாலத்தில் எதிர் நாற்காலியில் இருந்தவள்தான் நானும். அன்று "இடம்பெயர்ந்து வந்தோம்" என்றேன். நாட்டுக்குள்ளேயே ஊர் மாறியவள் என்று எழுதிக்கொண்டார்கள். அதைத் திருத்த இன்னொரு நாள் போய் உட்கார வேண்டியிருந்தது.

ஆகவே முதலில் எல்லையைச் சொல்லுங்கள். சட்டம் பேசும் இடத்தில், எல்லை தாண்டாதவர் உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர். தாண்டி வந்து பாதுகாப்புக் கேட்பவர் புகலிடம் கோருபவர். கோரிக்கையை ஏற்றுக்கொண்ட பிறகே காகிதத்தில் அகதி என்று வரும்.

அடுத்து, யார் செய்தது என்பது. இங்கேதான் தமிழ் நம்மைக் கவிழ்க்கிறது. சொந்த அரசு துரத்தினாலும் நாடு கடத்தல். வந்த நாடு திருப்பி அனுப்பினாலும் நாடு கடத்தல். வழக்குக்காக இன்னொரு நாட்டிடம் ஒப்படைத்தாலும் அதே சொல். "என்னை நாடு கடத்தினார்கள்" என்று ஒருவர் சொன்னால், மொழிபெயர்க்கும் எனக்கே வியர்க்கும். ஒற்றைச் சொல்லை நம்பாமல் முழு வாக்கியமாகச் சொல்லுங்கள்: "எங்கள் அரசு என்னை வெளியேற்றியது", "அந்த நாடு என்னைத் திருப்பி அனுப்பியது." யாரும் வெளியேற்றவில்லை, நீங்களாகவே தப்பினீர்கள் என்றால் "தப்பி வந்தேன்" என்றே சொல்லுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

வேதனையில் "எனக்கு நாடே இல்லை" என்று சொல்லிவிடாதீர்கள். நாடற்றவர் என்பது நாடற்றவர்களைப் பற்றிய 1954 ஐ.நா. உடன்படிக்கையில் தனி வகை: எந்த நாடும் தன் சட்டப்படி குடிமகனாகக் கருதாதவர். குடியுரிமை இருந்தும் போக முடியாதவர் அதில் வரமாட்டார்.

"போக விருப்பமில்லை" என்பதும் அரைகுறை. 1951 அகதிகள் உடன்படிக்கை, சொந்த நாட்டின் பாதுகாப்பைப் பெற இயலாதவரையும், அச்சத்தால் அதை விரும்பாதவரையும் சேர்த்தே பேசுகிறது. அச்சத்தை விட்டுவிட்டு விருப்பத்தை மட்டும் சொன்னால் சொகுசுக்கு வந்தவர்போல் கேட்கும். "போனால் என் அரசியல் கருத்துக்காகப் பிடிப்பார்கள் என்று பயம், அதனால் போக விரும்பவில்லை" என்று காரணத்தோடு சொல்லுங்கள். இனம், மதம், தேசிய அடையாளம், குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து: உடன்படிக்கை ஏற்கும் காரணங்கள் இந்த ஐந்துதான்.

அகதிக்குக் கொடுக்கும் பயண ஆவணத்தைப் பேச்சுவாக்கில் "என் பாஸ்போர்ட்" என்று சொல்வதையும் விடுங்கள். சொந்த நாட்டுப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தீர்களோ என்று கேள்வி வரும். அந்தக் கேள்வி அகதி நிலையையே அசைக்கக்கூடியது.

அலுவலக அறைக்கு வெளியே உங்கள் இஷ்டம். "அகதி" கசந்தால் ஏதிலி இருக்கிறது. புலம்பெயர்ந்தவர் என்பது மரியாதையாகத்தான் ஒலிக்கும், ஆனால் சங்க நூலான பட்டினப்பாலையின் "புலம்பெயர் மாக்கள்" வேறு நாடுகளிலிருந்து வந்து, கலந்து இனிது வாழ்ந்தவர்கள். துரத்தப்பட்டது அந்தச் சொல்லில் தெரியாது. வனவாசம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு ஒட்டவில்லை. ராமனுக்குப் பதினாலு வருடம் என்று கணக்கு இருந்தது.

"எப்போது ஊருக்குப் போகிறீர்கள்?" என்று கேட்பவர்களுக்கு முன்பெல்லாம் "போக முடியாது" என்பேன். உடனே எந்த மாதத்தில் டிக்கெட் மலிவு என்று சொல்லித் தருவார்கள். இப்போது "போனால் உள்ளே போட்டுவிடுவார்கள்" என்கிறேன்.