பதினான்கு துண்டுச்சீட்டு: ஒரு ரக்பி லீக்கைப் பிரித்துக் கட்டுவது எப்படி

மேற்கு லண்டனில் ஒரு சின்னக் கணக்கு அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் போடுவது என் பிழைப்பு. ரக்பி ஆடியதில்லை, ஆடுகிற உடம்பும் இல்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் இருக்கும் பென்சான்ஸ் ஊர்க்காரரான சக ஊழியர் ஒருவர் என்னைக் காசில் பார் பார்க் ஸ்டேஷனில் இறக்கி, வேலிஸ் வே மைதானத்துக்கு நடத்திக்கொண்டு போனார். ஈலிங் டிரெயில்ஃபைண்டர்ஸுக்கும் அவருடைய ஊர் கிளப்பான கார்னிஷ் பைரேட்ஸுக்கும் ஆட்டம். எல்லைக்கோட்டை ஒட்டி நின்று பார்க்கலாம். ஸ்க்ரம் (இரு அணியிலும் எட்டெட்டுப் பேர் தோள் கோத்துத் தள்ளுவது) மோதும்போது எட்டுப் பேர் ஒன்றாக மூச்சை விடுகிற சத்தம் காதில் விழும். அன்றிலிருந்து இங்கிலாந்து ரக்பியில் பிரீமியர்ஷிப் என்ற முதல் அடுக்குக்குக் கீழே இருக்கும் இரண்டாம் அடுக்கு எங்கள் மதிய உணவு நேரத்துப் பேச்சாகிவிட்டது.

இந்த அடுக்கை மாற்றி அமைக்கிறோம் என்று யாராவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். 2025இல் சாம்பியன்ஷிப் என்ற பெயர் போய், சாம்ப் ரக்பி என்று வந்தபோது, 'நாமே ஒரு லீக் போட்டுப் பார்த்தால் என்ன' என்று உட்கார்ந்தோம். போட்ட விதத்தை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் தலையை எண்ணுங்கள்

கிளப் எண்ணிக்கைதான் அஸ்திவாரம். அதை மாற்றினால் கூரைவரை எல்லாம் மாறும். 2009இல் 16 கிளப் இருந்த 'நேஷனல் டிவிஷன் ஒன்று' என்ற பழைய இரண்டாம் அடுக்கைக் கலைத்துவிட்டு, 12 கிளப்போடு சாம்பியன்ஷிப்பைத் தொடங்கினார்கள். 12 கிளப் என்றால் ஆளுக்கு 22 ஆட்டம், சொந்த மைதானத்தில் 11. ஆண்டு முழுவதும் டிக்கெட்டும் பீரும் விற்க உங்களுக்குக் கிடைப்பது 11 நாள்தான். 14 என்றால் 26 ஆட்டம், 13 நாள். இரண்டு நாள் கூடுதல் வசூல். ஆனால் காலும் தோளும் உடைய நான்கு ஆட்டம் கூடுதல், அதற்குத் தக்க ஆட்களும் வேண்டும். செப்டம்பர் முதல் ஏப்ரல் முடிய 34 சனிக்கிழமை இருக்கிறது, ஆக 26 அடங்கும். 16 கிளப் என்றால் 30 ஆட்டம், மூச்சு முட்டும்.

ஒற்றைப்படை மட்டும் வேண்டாம். 2023 செப்டம்பரில், அந்த ஆண்டின் சாம்பியனான ஜெர்சி ரெட்ஸ் சீசன் தொடங்கும் முன்பே பணமில்லாமல் மூடிவிட்டது. மிச்சம் 11. வாரத்துக்கு ஒரு கிளப் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், அந்த வாரமும் சம்பளம் கொடுத்தாக வேண்டும். சம்பளப் பட்டியல் போடுகிறவனுக்கு இதைவிடக் கெட்ட கனவு கிடையாது.

2025இல் அவர்கள் எடுத்த எண் 14. நாங்களும் அதையே எடுத்தோம்.

அட்டவணையைச் சீட்டில் போடுங்கள்

கம்ப்யூட்டர் வேண்டாம். 14 துண்டுச்சீட்டில் 1 முதல் 14 வரை எண் போடுங்கள். கிளப் பெயரை இப்போது எழுதாதீர்கள், காரணம் பின்னால் வரும். மேல் வரிசையில் ஏழு, கீழ் வரிசையில் ஏழு என்று மேஜையில் பரப்புங்கள். மேலும் கீழுமாக எதிரெதிரே இருப்பவர்கள் அந்த வாரம் மோதுகிறார்கள். இடது மேல்மூலைச் சீட்டின் மேல் டீ டம்ளரை வைத்துவிடுங்கள், அது நகரக் கூடாது. மற்ற பதின்மூன்றையும் கடிகாரச் சுற்றில் ஒவ்வோர் இடம் நகர்த்துங்கள். அது அடுத்த வாரம். இப்படி 13 வாரத்தில் எல்லோரும் எல்லோருடனும் ஒரு தடவை ஆடிவிடுவார்கள். மறுபாதி சீசனுக்கு அதே பட்டியல், மைதானம் மட்டும் மாற்றி. மொத்தம் 182 ஆட்டம்.

யாருக்குச் சொந்த மைதானம்? இடமிருந்து எண்ணி மூன்று, ஐந்து, ஏழாவது ஜோடியில் மேலே இருப்பவருக்கு. இரண்டு, நான்கு, ஆறில் கீழே இருப்பவருக்கு. டம்ளர் ஜோடியில் வாரம் மாற்றி வாரம். இப்படிச் செய்தால் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரு வாரம் ஊரில், ஒரு வாரம் வெளியூரில் என்று வரும்.

நாங்கள் முதல் தடவை பெயர்களை முதலிலேயே எழுதிவிட்டோம். ஏழாவது வாரம் வரை ஜோராகப் போனது. அப்போது பென்சான்ஸ்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். ரிச்மண்டும் லண்டன் ஸ்காட்டிஷும் ஒரே சனிக்கிழமை, ஒரே நேரத்தில், சொந்த மைதானத்தில் ஆடுவதாக எழுதி வைத்திருந்தேன். இரண்டுக்கும் சொந்த மைதானம் ஒன்றேதான், ரிச்மண்ட் அத்லெட்டிக் கிரவுண்ட். மூன்று நாள் மதியச் சாப்பாட்டு நேரம் வீண்.

அதனால்தான் எண் முதலில். நான் சொன்ன முறையில் போட்டால், ஒருவர் ஊரில் ஆடும் வாரமெல்லாம் மற்றவர் வெளியூரில் ஆடுகிற மாதிரி ஏழு ஜோடி எண்கள் தானாகவே கிடைக்கும். பெரும்பாலும் சுற்றில் அடுத்தடுத்து நிற்கும் எண்கள். அப்படி ஒரு ஜோடியை ரிச்மண்டுக்கும் ஸ்காட்டிஷுக்கும் கொடுத்துவிட்டு, அப்புறம் மற்றவர்களுக்குப் பெயர் எழுதுங்கள். கடைசியாகப் பென்சான்ஸைப் பாருங்கள். லண்டன் பேடிங்டனிலிருந்தே ரயிலில் சுமார் ஐந்து மணி நேரம், டான்காஸ்டரிலிருந்து என்றால் நாள் முழுக்கப் போய்விடும். டிசம்பர், ஜனவரி வாரங்களில் அந்தத் தொலைதூர ஜோடிகள் விழாமல் வாரங்களை இடம் மாற்றுங்கள்.

பிளே-ஆஃப் வேண்டுமா?

இதில் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. 2009இல் தொடங்கியபோதே பிளே-ஆஃப் வைத்தார்கள், அதாவது லீக் முடிந்ததும் முன்னணி கிளப்புகளை மறுபடி மோதவிட்டு மேலே ஏறுபவரைத் தேர்வது. அதனால் மிகவும் அடிபட்டது பிரிஸ்டல். லீக்கில் முதலிடம் பிடித்துவிட்டு 2010இல் எக்ஸிடரிடமும், 2014இல் லண்டன் வெல்ஷிடமும் இறுதியில் தோற்றது. 2015இல் ஊஸ்டரோடு இரண்டு ஆட்டமும் சேர்த்து 59-58, ஒரே புள்ளியில் தோல்வி. ஏழெட்டு மாத உழைப்பு ஒரு புள்ளியில் போவது நியாயமா என்பது என் கேள்வி. "அந்தக் கடைசி நிமிஷத்தைப் பார்க்க எவ்வளவு பேர் வந்தார்கள் தெரியுமா?" என்பது அவருடைய பதில். 2017-18இல் பிளே-ஆஃபை எடுத்தார்கள், பிரிஸ்டலே நேராக ஏறியது.

சாம்ப் ரக்பியில் முதல் ஆறு இடத்துக்கு மறுபடி பிளே-ஆஃப். முதல் இரண்டு இடத்துக்கு நேராக அரையிறுதி. பிளே-ஆஃபில் ஜெயிப்பவர், தகுதி இருந்தால், பிரீமியர்ஷிப்பின் கடைசி கிளப்போடு இரண்டு ஆட்டம் மோத வேண்டும் என்பது 2025இல் போட்ட திட்டம். சரி, 14 கிளப் லீக்கில் மார்ச் மாதம் ஏழாவது இடத்தில் இருப்பவருக்கும் ஆட ஒரு காரணம் வேண்டும்தான். இந்த ஒன்றில் நான் இறங்கிவந்தேன்.

மேல் கதவைத் திறக்கும் முன் சாவியைத் தேடுங்கள்

'தகுதி இருந்தால்' என்ற அந்த இரண்டு சொல்லில்தான் இந்த அடுக்கின் கதையே இருக்கிறது. மேலே போக ஜெயித்தால் மட்டும் போதாது, மைதானமும் தேற வேண்டும். நெடுங்காலம் கேட்ட எண் 10,001 பேர் கொள்ளும் இடம். அந்த ஒற்றை ஒன்றைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வரும், கல்யாண மொய் மாதிரி.

2012இல் லண்டன் வெல்ஷ் ஜெயித்தது. அவர்கள் ஏற்பாடு செய்த ஆக்ஸ்ஃபர்டு காசாம் ஸ்டேடியத்தின் மேல் போதிய உரிமை இல்லை என்று முதலில் மறுத்தார்கள், மேல்முறையீட்டில் ஏறினார்கள். 2022இல் ஈலிங் முதலிடம் பிடித்தது, மைதானம் போதாது என்று கதவைச் சாத்தினார்கள். 2024, 2025இலும் ஈலிங்தான் முதல். மூன்று தடவையும் அதே அடுக்கிலேயே இருந்தார்கள். வேலிஸ் வேயில் கோட்டை ஒட்டி நிற்கும் சுகம் எனக்கு எவ்வளவு பிடிக்குமோ, அதே சுகம்தான் அவர்களுக்குத் தடை.

இதற்கு நேர்மாறு எக்ஸிடர். நகரத்துப் பழைய மைதானத்தை விற்று, 2006இலேயே சாண்டி பார்க்குக்குப் போய்விட்டார்கள். 2010இல் ஜெயித்தபோது வீடு தயார். 2017இல் பிரீமியர்ஷிப் பட்டம், 2020இல் பிரீமியர்ஷிப்பும் ஐரோப்பியக் கோப்பையும் சேர்த்து. இரண்டாம் அடுக்கே தேவையில்லை என்று யாராவது சொன்னால் இந்த ஒரு கிளப்பைக் காட்டுங்கள்.

நீங்கள் விதி எழுதுவதாக இருந்தால் படிப்படியாகக் கேளுங்கள். ஏறும் ஆண்டு 5,000 இடம், மேலே தாக்குப்பிடித்தால் நாலைந்து ஆண்டில் 10,001. பிற்பாடு விதியை இந்தப் பக்கமாகத்தான் தளர்த்தினார்கள். இன்னொன்று: தகுதி யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதை சீசன் தொடங்கும் முன்பே அறிவியுங்கள். பிப்ரவரியில் முதலிடத்தில் நிற்பவனிடம் போய் உனக்குத் தகுதி இல்லை என்று சொன்னால், மிச்ச ஆட்டங்களை எதற்காக ஆடுவான்?

பணத்தை ஆளுக்கு வகுத்துப் பாருங்கள்

இது என் இலாகா. 2020 பிப்ரவரியில் ஆர்.எஃப்.யு., அதாவது இங்கிலாந்தின் ரக்பி சங்கம், கிளப்புக்கு ஆண்டுக்குச் சுமார் 5,34,000 பவுண்டாக இருந்த உதவியைச் சுமார் 2,88,000 ஆகக் குறைப்பதாக அறிவித்தது. கேட்கப் பெரிய தொகைதான். 36 வீரர்களுக்கு வகுங்கள், ஆளுக்கு 8,000 பவுண்டு வரும். பயிற்சியாளர், மருத்துவர், பேருந்து, காப்பீடு எதற்கும் மிச்சம் இல்லை. அதனால்தான் இந்த அடுக்கில் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருபவர்கள் நிறைய. அது கேவலம் இல்லை. ஆனால் இவ்வளவு கொஞ்சப் பணத்தில் ஓடும் அடுக்கைப் பெரிய பணக்கார அணியோடு மோத விட்டால் என்ன ஆகும் என்பதை 2021 காட்டியது. சம்பள வரம்பை மீறியதற்காகப் பிரீமியர்ஷிப்பிலிருந்து இறக்கப்பட்ட சாரசென்ஸ், முதல் ஆட்டத்திலேயே பென்சான்ஸில் பைரேட்ஸிடம் 25-17 என்று தோற்றது. (இந்த ஸ்கோரைப் பென்சான்ஸ்காரர் வாரம் ஒரு தடவையாவது எனக்குச் சொல்லிவிடுவார்.) ஆனால் அதே சாரசென்ஸ் இறுதியில் ஈலிங்கை இரண்டு ஆட்டமும் சேர்த்து 117-15 என்று நசுக்கியது.

எனவே புதிய கிளப்பைச் சேர்க்கும் முன் அதன் புள்ளிப்பட்டியலைவிட வங்கிக் கணக்கைப் பாருங்கள். ஒரு சீசனை முடிக்கும் அளவு பணம் கையில் உண்டா, ஒரே பணக்காரர் விலகினால் கிளப் நிற்குமா, மைதானம் யார் பெயரில் என்ற மூன்று கேள்வி போதும். பிரீமியர்ஷிப்பிலேயே 2022 இலையுதிர்காலத்தில் ஊஸ்டரும் வாஸ்ப்ஸும், 2023இல் லண்டன் ஐரிஷும் பணமில்லாமல் விழுந்ததைப் பார்த்தவர்கள் நான்காவது கேள்வி கேட்க மாட்டார்கள்.

யாரை உள்ளே விடுவது

2025இல் இரண்டு கிளப் உள்ளே வந்தன. ஒன்று ஊஸ்டர், மூடிக் கிடந்து, விண்ணப்பம் போட்டு, நேராக இரண்டாம் அடுக்குக்கு. இன்னொன்று ரிச்மண்ட். 1999இல் பணம் தீர்ந்து தொழில்முறை ஆட்டத்திலிருந்தே காணாமல் போய், பிறகு லீக் அமைப்பின் அடிமட்டத்தில் தொடங்கி, ஏறி, சறுக்கி, மறுபடி ஏறி வந்தது. இருவரும் ஒரே கோடையில் ஒரே வாசலில் நின்றார்கள்.

எனக்கு இது உறுத்தியது. வரிசையில் நின்று வந்தவன் முன்னால், காரில் வந்து இறங்குபவனுக்கும் அதே இருக்கையா? ஆனால் ஊஸ்டரின் சிக்ஸ்வேஸ் மாதிரி ஒரு மைதானத்தைப் பூட்டிவைப்பதில் யாருக்கு லாபம் என்று பென்சான்ஸ்காரர் கேட்டார். எங்கள் தாளில் இப்படி எழுதினோம்: விண்ணப்ப வழி எண்ணிக்கையை நிரப்பும் ஆண்டில் மட்டும், ஒரே ஒரு தடவை. அதன் பிறகு எல்லோருக்கும் கீழிருந்து ஏறும் படிதான். அதற்காகக் கீழ்க்கதவும் திறந்தே இருக்க வேண்டும். கடைசி இடத்துக்கு நேராக 'நேஷனல் லீக் ஒன்று' எனும் மூன்றாம் அடுக்கு, அதற்கு மேல் இருப்பவருக்குப் பிழைக்க ஓர் ஆட்டம்.

மேல்கதவு மட்டும் நம் கையில் இல்லை. பிரீமியர்ஷிப்பில் 2023-24இல் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காத நியூகாசிலை 2025 ஆகஸ்டில் ரெட் புல் வாங்கியது. அவ்வளவு பணம் போடுபவர் கீழே விழும் பள்ளத்தை விரும்புவாரா? பிரீமியர்ஷிப்பில் இறக்கமே வேண்டாம், தகுதி பார்த்துப் புதியவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சு அந்த ஆண்டு வலுத்தது. அப்படி முடிவானால் எங்கள் தாளில் பிளே-ஆஃப் பகுதியை அடித்துவிட்டு எழுத வேண்டும். அதனால் அதைப் பென்சிலில் போட்டிருக்கிறோம், மற்றதெல்லாம் பேனாவில்.

சீட்டுகள் என் மேஜை இழுப்பறையில் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடக்கின்றன. ஒன்பதாம் எண் சீட்டில் மட்டும் டீக் கறை. அது பைரேட்ஸின் சீட்டு. தற்செயல் என்று நான் சொன்னதை அவர் இன்னும் நம்பவில்லை.