கிளிநொச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு: முதல் அலுவல் பயணத்துக்குப் படிப்படியாகத் தயாராவது

அலுவலாக வெளிநாடு போக வேண்டும் என்று தெரியவரும் அன்று மகிழ்ச்சிதான் வரும். பதற்றம் மறுநாள் காலையில் வந்து சேரும். விமானம் விழுந்துவிடுமோ என்று நடுங்குகிறவர்களை எங்கள் பக்கத்தில் நான் அதிகம் கண்டதில்லை. கிளிநொச்சியை உள்ளடக்கிய வன்னியில் இருக்கும் எங்களுடைய பயம் வேறு இடத்தில் இருக்கிறது. மேசைக்குப் பின்னால் சீருடையில் இருக்கும் ஒருவர் நம்முடைய காகிதத்தைப் புரட்டிப் பார்க்கும் அந்த அரை நிமிடம்தான் வயிற்றைக் கலக்குகிறது. போர்க்காலத்தில் வன்னி எல்லையில் இருந்த ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பையைக் கொட்டிக் காட்டி, அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு வெயிலில் நின்றவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அந்த வரிசையைக் கண்ணால் காணாத பிள்ளைகளிடமும் அதன் பழக்கம் தொற்றியிருக்கிறது. கேட்காததற்கும் விளக்கம் சொல்வார்கள், குரல் தாழ்ந்துவிடும், குற்றம் செய்தவர்போலக் கண்ணைத் தாழ்த்துவார்கள்.

ஆகவே இந்த வழிகாட்டியை மேசை மேசையாக அமைத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுக்குச் சிங்கப்பூர். இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் குறுகிய கால வருகைக்கு முன்கூட்டியே விசா எடுக்கத் தேவையில்லை. விமானப் பயணமும் ஏறத்தாழ நான்கு மணி நேரம்தான். முதல் பயணத்துக்கு நல்ல ஊர். சென்னைக்குப் போகிறவர்கள் கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்க விமான நிலையம் வரை அலையாமல் யாழ்ப்பாணத்துப் பலாலியிலேயே ஏறலாம், ஆனால் இந்திய விசாவை முதலில் எடுத்துவிட வேண்டும்.

படி 1: பெயரைச் சரிபாருங்கள்

கடவுச்சீட்டு இருந்தால் அது முடியும் திகதியைப் பாருங்கள். பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். இல்லாவிட்டால் தலைமை அலுவலகம் இருக்கும் பத்தரமுல்லைக்குத்தான் ஓட வேண்டும் என்றில்லை. குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் வவுனியாவில் இருக்கிறது.

வன்னியில் சிக்கல் பெரும்பாலும் கடவுச்சீட்டுக்கு முந்திய படியில் இருக்கும். இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்த குடும்பங்கள் ஏராளம். பிரதி எடுக்கப் பிரதேச செயலகத்துக்குப் போனால், பதிவேட்டில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் இன்னோர் எழுத்து என்று இருப்பது தெரியவரும். பயணம் உறுதியாகும்வரை காத்திராமல், பேச்சு அடிபடும்போதே இந்த வேலையைத் தொடங்குங்கள்.

டிக்கெட்டில் உள்ள பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். நாம் தகப்பன் பெயரை முன்னெழுத்தாகப் போட்டுக்கொள்கிறவர்கள். கடவுச்சீட்டிலோ அது முழுப் பெயராக, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் இருக்கும். டிக்கெட் எடுத்துத் தருகிறவரிடம் பெயரைத் தொலைபேசியில் சொல்லாதீர்கள். கடவுச்சீட்டுப் பக்கத்தின் படத்தை அனுப்புங்கள்.

படி 2: ஒரே கோப்பு

அழைத்த நிறுவனத்தின் கடிதம், உங்கள் நிறுவனத்தின் கடிதம், போகவும் வரவுமான டிக்கெட், தங்கும் விடுதியின் உறுதிப்பத்திரம், பயணக் காப்புறுதி எல்லாவற்றையும் அச்செடுத்து ஒரே கோப்பில் வையுங்கள். கைத்தொலைபேசியில் இருக்கிறதே என்பீர்கள். மின்னேற்றம் தீர்ந்த கைத்தொலைபேசியை அதிகாரியிடம் நீட்டிப் பயனில்லை. அழைப்புக் கடிதத்தில் கூட்டத்தின் நோக்கம், நாட்கள், செலவை ஏற்பவர், அங்குள்ள ஒருவரின் தொலைபேசி எண் ஆகியவை இருக்க வேண்டும். இல்லையென்றால் கூச்சப்படாமல் கேட்டுத் திருத்தி வாங்குங்கள்.

சிங்கப்பூர் வருகை அட்டை இணையத்தில் நிரப்புவது. அங்கு போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். சிங்கப்பூரின் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் தளத்தில் இது இலவசம். பணம் கேட்கும் தளத்தில் நீங்கள் நிற்கிறீர்கள் என்றால் தவறான இடத்தில் நிற்கிறீர்கள்.

படி 3: மூன்று வாக்கியங்கள்

மற்றப் படிகளைச் சிலர் தாமாகவே செய்துவிடுவார்கள். இதை மட்டும் யாரும் செய்வதில்லை.

நீங்கள் யார், எதற்குப் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள்: இவ்வளவுதான் எந்த மேசையிலும் கேட்பார்கள். "கிளிநொச்சியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணியாற்றுகிறேன். சிங்கப்பூரில் எங்கள் வாடிக்கையாளருடன் மூன்று நாள் கூட்டம். வெள்ளிக்கிழமை திரும்புகிறேன்." இந்த மூன்றையும் ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது பழகுவதாகாது. நாக்குப் பிறழும் இடம் வாயைத் திறந்தால்தான் தெரியும்.

கட்டுநாயக்கவில் "வேலைக்குப் போகிறேன்" என்று சொல்லிவிடாதீர்கள். வேலைவாய்ப்புக்காக வெளிநாடு செல்கிறவர்கள் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்திருக்க வேண்டும். நீங்கள் போவது கூட்டத்துக்கு. அதையே சொல்லுங்கள், கேட்டால் கடிதத்தைக் காட்டுங்கள். தனியாகப் போகும் இளம் பெண்கள் இந்தக் கேள்வியைக் கட்டாயம் எதிர்பார்த்தே போக வேண்டும்.

இனி ஒத்திகை. வீட்டில் ஒருவரை அதிகாரியாக்கி மேசைக்குப் பின்னால் இருத்துங்கள். அம்மா வேண்டாம், அவர் இரக்கப்பட்டுவிடுவார். கிண்டல் பண்ணும் அண்ணனோ மச்சாளோ பொருத்தம். கடவுச்சீட்டை நீட்டுங்கள். அவர் நிமிர்ந்து பார்க்காமல் பக்கங்களைப் புரட்ட வேண்டும். ஒரு கேள்வி கேட்க வேண்டும். நீங்கள் பதில் சொன்ன பிறகு அவர் ஒன்றும் பேசாமல் கணினியில் தட்டுவதுபோல் இருக்க வேண்டும்.

அந்த மௌனம்தான் முக்கியம். உண்மையான அதிகாரியும் அப்படித்தான் இருப்பார். பதிலை நம்பாததால் அல்ல, தட்டச்சுச் செய்வதால். நம்மவர்கள் அந்த இடைவெளியைச் சந்தேகம் என்று எடுத்துக்கொண்டு, "என்னுடைய மாமா ஒருவரும் அங்கே இருக்கிறார், ஆனால் அவரிடம் போகமாட்டேன்" என்று தொடங்கிவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் மெய்யான கேள்விகள் வரும். கேட்டதற்குப் பதில் சொல்லி வாயை மூடிக்கொண்டு நிற்கப் பழகுங்கள். மௌனம் நீளட்டும், நீங்கள் அதை நிரப்ப வேண்டியதில்லை. விளங்காத கேள்வியை இன்னொருமுறை சொல்லச் சொல்லிக் கேட்பதில் தவறேதும் இல்லை. ஊகித்துப் பதில் சொல்வதுதான் ஆபத்து.

படி 4: பணமும் தொலைபேசியும்

வங்கி அட்டையை வெளிநாட்டில் பயன்படுத்த அனுமதி எடுத்துக்கொள்ளுங்கள். இணையக் கொடுப்பனவுக்கான ஒருமுறைக் கடவெண் உங்கள் இலங்கைச் சிம்முக்கே வரும். ஆகவே புறப்படுமுன் ரோமிங்கைச் செயற்படுத்துங்கள். சிறிதளவு சிங்கப்பூர் டொலரை வங்கியிலோ விமான நிலையத்திலோ மாற்றிக்கொண்டால் போதும்.

படி 5: பெட்டி

கைப்பைக்குப் பல விமான நிறுவனங்களில் ஏழு கிலோதான். திரவப் பொருள் எதுவாக இருந்தாலும் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட போத்தலில் கைப்பையில் போகாது. மேலதிக மின்கலமான பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே போகலாம். சரக்குப் பெட்டியில் வைக்கக்கூடாது. பழைய உருண்டைக் கால் சார்ஜர் சிங்கப்பூரில் பொருந்தாது, அங்கே தட்டையான மூன்று கால் உள்ளது.

உற்பத்திப் பொருளைக் காட்டப் போகிறவர்கள் கொஞ்சம் நின்று வாசியுங்கள். ஒடியல் மா, முருங்கையிலைத் தூள் போன்றவற்றைப் பொலித்தீன் பையில் கட்டி நூலால் முடிந்து கொண்டுபோகாதீர்கள். பெயரொட்டி இல்லாத வெளிறிய தூள் ஒன்று ஊடுகதிர் இயந்திரத்தில் தெரிந்தால், பனங்கிழங்கைப் பிளந்து காயவைத்து இடிக்கும் முறையை அங்கே நின்று ஆங்கிலத்தில் விளக்க வேண்டிவரும். தொழிற்சாலைப் பொதியில், முத்திரையிட்டு, உள்ளடக்கம் அச்சிட்ட மாதிரிகளை மட்டும் எடுங்கள். உணவு மாதிரிகளை இறக்க அந்நாட்டில் அனுமதி தேவையா என்பதை அழைத்தவர்களிடமே முன்கூட்டிக் கேளுங்கள். கருவாட்டை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

அடுத்தது பிறர் தரும் பொதி. பயணச் செய்தி பரவியதும் மூன்றாம் வீட்டுக்காரர் மகனுக்கு மிளகாய்த்தூள் கொண்டுவருவார். சிங்கப்பூர் போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை விதிக்கும் நாடு. நீங்கள் உங்கள் கையால் கட்டாத எதுவும் உங்கள் பெட்டியில் இருக்கக்கூடாது. முகத்தாட்சணியத்துக்கு இடமே இல்லை. "நிறுவனம் அனுமதிக்கவில்லை" என்று சொல்லிவிடுங்கள். ஊரில் எவரும் அதற்கு மேல் வாதிடுவதில்லை.

சூயிங்கமும் இ-சிகரெட்டும் அங்கே தடை. புகையிலை சேர்த்த வெற்றிலைக்கும் இடமில்லை. பதற்றத்துக்கென்று யாராவது தூக்க மாத்திரை தந்தால் வாங்காதீர்கள். அந்த வகை மருந்துகள் பலவற்றுக்குச் சிங்கப்பூரில் முன் அனுமதி வேண்டும். வழக்கமாக எடுக்கும் மருந்தை அதன் உறையோடும் மருத்துவரின் துண்டோடும் கொண்டுபோங்கள்.

படி 6: கட்டுநாயக்கவுக்குப் போய்ச் சேர்வது

என் கணிப்பில் முழுப் பயணத்திலும் தவறு நேரக்கூடிய இடம் இதுதான். ஆகாயத்தில் நான்கு மணி நேரம். ஏ9 வீதியில் தொடங்கி மதவாச்சி, அநுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு என்று தரையில் போவதற்கு அதைவிட வெகு நேரம். இடையில் டயர் வெடிக்கலாம், யானை நிற்கலாம், மழை வெள்ளம் வரலாம்.

முதலில் திகதியைக் கவனியுங்கள். கொழும்பிலிருந்து புறப்படும் விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டியவை. டிக்கெட்டில் 14ஆம் திகதி 00.45 என்று இருந்தால் நீங்கள் விமான நிலையத்தில் நிற்க வேண்டியது 13ஆம் திகதி இரவு. 14ஆம் திகதி இரவு போய் நின்றால் விமானம் ஒரு நாள் முன்னே போயிருக்கும். வீட்டு நாட்காட்டியில் புறப்படும் நாளைச் சிவப்பு மையில் எழுதி, விமானத்தின் திகதியை எழுதாமலே விடுங்கள்.

முடிந்தால் முதல் நாளே போய் நீர்கொழும்பில் ஓர் இரவு தங்குங்கள். நிறுவனம் அந்தச் செலவைத் தராவிட்டால் கேட்டுப் பாருங்கள். தவறவிட்ட டிக்கெட்டைவிட அது மலிவு. ரயிலில் போகிறவர்கள் ராகமவில் இறங்கினால் கொழும்புக்குள் போய்த் திரும்ப வேண்டியதில்லை.

வழியனுப்ப வேன் பிடித்துக் குடும்பமே வருவது நம் வழக்கம். முறிகண்டியில் வேனை நிறுத்தி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, திருநீறு பூசி, கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டு போவது உண்மையிலேயே மனதை ஆற்றும். அதைத் தவிர்க்கச் சொல்லமாட்டேன். ஆனால் பதினான்கு பேர் வேண்டாம். ஒவ்வொருவரும் ஒவ்வோர் அறிவுரை சொல்வார்கள், வாசலில் ஒருவர் அழத் தொடங்கினால் எல்லோரும் அழுவார்கள், உள்ளே போகும்போது உங்கள் கண்ணும் சிவந்திருக்கும். நிதானமான இருவர் போதும்.

படி 7: விமான நிலையத்துக்குள்

மூன்று மணி நேரத்துக்கு முன் உள்ளே இருங்கள். வாசலிலேயே பைகள் ஊடுகதிர் இயந்திரத்தில் போகும். பிறகு விமான நிறுவன மேசை: பெட்டியைக் கொடுத்து, ஏறும் அட்டையை வாங்குவீர்கள். பெட்டிக்கான சிறு ஒட்டுத்துண்டை எறியாமல் கோப்பில் வையுங்கள். அடுத்து குடியகல்வு மேசை. மூன்று வாக்கியங்கள் அங்கே தேவைப்படலாம், தேவைப்படாமலும் போகலாம். எந்த வாயிலில் ஏறுவது என்பதைத் திரையிலும் பாருங்கள். அட்டையில் அச்சிட்ட பிறகும் வாயில் மாறுவதுண்டு.

விமானம் எழும்போதும் இறங்கும்போதும் காது அடைத்தால் எச்சிலை விழுங்குங்கள், ஒரு மிட்டாய் வாயில் இருந்தால் எளிது. உள்ளே குளிரும்.

படி 8: சாங்கி, சிங்கப்பூரின் விமான நிலையம்

கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளுங்கள். கூட்டம் காலை ஒன்பது மணிக்கு என்றால் உங்கள் உடம்புக்கு அது ஆறரை. ஆகவே கூட்டத்துக்கு முதல் நாளே போய்ச் சேரும்படி டிக்கெட் எடுக்கச் சொல்லுங்கள்.

குடிநுழைவில் தானியங்கி வாயில்கள் உண்டு. இயந்திரம் திறக்காவிட்டால் அதிகாரியிடம் அனுப்புவார்கள். தனியே அழைத்துக் கேள்வி கேட்டாலும் அது கைது அல்ல. கோப்பைத் திறந்து கடிதத்தைக் காட்டி அதே மூன்று வாக்கியங்களைச் சொல்லுங்கள். கடவுச்சீட்டில் முத்திரை குத்தவில்லையே என்று திகைக்க வேண்டாம். எத்தனை நாள் தங்கலாம் என்பது மின்னஞ்சலில் வரும். ஆகவே வருகை அட்டையில் மின்னஞ்சல் முகவரியைப் பிழையின்றி எழுதியிருக்க வேண்டும்.

தமிழ் அங்கே நான்கு அதிகாரபூர்வ மொழிகளில் ஒன்று. ரயில் நிலைய அறிவிப்பில் நம் மொழி ஒலிப்பது கேட்டால் தோள் தானாக இறங்கும். சாப்பாட்டுக்கு, லிட்டில் இந்தியா பகுதியில் சிராங்கூன் சாலை இருக்கிறது. நேரம் கிடைத்தால், இலங்கைத் தமிழர் தொடங்கி வளர்த்த செண்பக விநாயகர் கோயிலுக்குப் போய் வாருங்கள். அது இருக்கும் தெருவின் பெயரே சிலோன் ரோட்.

படி 9: கூட்டம்

முன்னதாகப் போய் நில்லுங்கள். பெயர் அட்டையை இரு கையாலும் கொடுத்து, இரு கையாலும் வாங்குவது அங்கே மரியாதை. வாங்கியதும் ஒருமுறை வாசித்துவிட்டு மேசையில் வையுங்கள், சட்டைப்பைக்குள் திணிக்காதீர்கள்.

எந்த ஊர் என்று கேட்பார்கள். கிளிநொச்சி என்றதும் யாராவது ஒருவர் போரைப் பற்றிக் கேட்பார். நல்ல மனதோடுதான் கேட்பார்; ஆனால் ஆயத்தமில்லாமல் இருந்தால் அந்த ஒரு கேள்வி உங்களைப் போர் முடிந்த 2009க்குக் கொண்டுபோய்விடும், பிறகு விலைப்பட்டியலைப் பற்றிப் பேச வாய் வராது. எவ்வளவு சொல்வது என்பதை வீட்டிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். "ஆம், நாங்கள் அங்கேதான் இருந்தோம். இப்போது அதே ஊரில் எங்கள் அலுவலகம் இயங்குகிறது" என்பதே போதுமானது. கூடுதலாகச் சொல்ல விரும்பினால் இரவு உணவின்போது சொல்லலாம்.

கூட்டம் முடிந்த அன்று இரவே, என்ன முடிவாயிற்று, யார் எதை எப்போது அனுப்புவது என்பதை எழுதி அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். செலவுப் பற்றுச்சீட்டுகளை நாள்வாரியாக ஓர் உறையில் போட்டு வையுங்கள். வெப்பத்தாளில் அச்சிட்ட எழுத்து சில வாரங்களில் மங்கிவிடும் என்பதால் ஒவ்வொன்றையும் படமெடுத்துக்கொள்ளுங்கள்.