வெளிநாட்டு எம்.பி.க்கள் திருப்பூருக்கு வந்தால்: தொழில் சங்கங்களுக்கு ஒரு வழிகாட்டி

வெளிநாட்டு நாடாளுமன்றக் குழு வருகிறது என்றால் சங்கத்தில் முதலில் எழும் பேச்சு மாலையும் சாப்பாடும்தான். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வருகிறவர்களுக்கு எதில் ஓட்டு இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள்.

1889-இல் தொடங்கிய ஐ.பி.யூ. எனும் உலக நாடாளுமன்றங்களின் ஒன்றியமோ, காமன்வெல்த் நாடாளுமன்றச் சங்கமோ போடும் தீர்மானம் எந்த அரசையும் கட்டுப்படுத்தாது. சட்டம் போடுகிறவர்கள் நேரில் பழக அவை வாசல் திறந்து விடுகின்றன, அவ்வளவுதான். பின்னாளில் இந்தியாவின் முதல் நிதியமைச்சரான கோவை ஆர்.கே. சண்முகம் செட்டியார் 1926-இல் ஆஸ்திரேலியா போனதும் இப்படியொரு சங்கத்தின் குழுவில்தான். ஆக, இந்த வழி நம்மூருக்குப் புதிதல்ல.

இந்தியாவில் வணிக ஒப்பந்தம் போடுவது அரசின் கையில். நாடாளுமன்ற ஓட்டு தேவையில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் நிலைமை வேறு. அங்கே ஐரோப்பிய நாடாளுமன்றம் சம்மதிக்காமல் வணிக ஒப்பந்தம் முடிவாகாது. போலிச்சரக்கு தடுப்புக்கான ஆக்டா ஒப்பந்தத்தை 2012-இல் ஓட்டுப்போட்டே தள்ளிவிட்டார்கள். பிரிட்டனில் ஒப்பந்தத்தை 21 அமர்வு நாட்கள் நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும். எனவே வரும் குழுவில் பன்னாட்டு வணிகக் குழு உறுப்பினர் யார் என்று அந்த நாடாளுமன்றத்தின் இணையதளத்தில் பெயர் பெயராகப் பார்த்துவிடுங்கள். உங்கள் ஆள் அவர்தான்.

அழைப்பை உங்கள் தொகுதி எம்.பி. வழியாக, மக்களவைச் செயலகத்தில் இயங்கும் இந்திய நாடாளுமன்றக் குழுவுக்கு அனுப்புங்கள். மக்களவைத் தலைவரே அதன் தலைவர். தூதரகத்துக்கு மட்டும் எழுதிவிட்டுக் காத்திருந்தால், பயண நிரல் முடிவான பிறகே நம் கடிதத்தைப் பார்ப்பார்கள்.

கையில் கொடுக்கும் குறிப்பு ஒரு பக்கம் போதும். பின்னல் டி-சர்ட், எச்.எஸ். எண் (சுங்கத்தில் சரக்கை வகைப்படுத்தும் எண்) 6109, இந்திய-ஐரோப்பிய ஒன்றிய வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும்வரை அங்கே நம் சரக்குக்கு வரி 12 சதவீதம், பங்களாதேஷ் சரக்குக்கு வரி இல்லை. அதன் கீழே ஒரே ஒரு கோரிக்கை. நூல் விலை, ஜி.எஸ்.டி. பாக்கி, மின்கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்துப் பத்துக் கோரிக்கை எழுதுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. அதெல்லாம் டெல்லியிலும் சென்னையிலும் கேட்க வேண்டியவை.

கம்பெனியைச் சுற்றிக் காட்டும்போது சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆற்றைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். மழுப்பாதீர்கள். 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதைச் சொல்லிவிட்டு, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கடைசிக் கட்டத்தைக் காட்டுங்கள்: திரும்பக் கிடைத்த தண்ணீர், ஆவியாக்கியில் எஞ்சிய கலப்பு உப்பு, சேறு. உப்பு மூட்டைகள் அடுக்கிய இடத்தைத் தார்ப்பாய் போட்டு மறைத்தால் கேமரா நேராக அங்கேதான் திரும்பும்.

அடுத்த கேள்வி ஸ்பின்னிங் மில் விடுதிப் பெண்களைப் பற்றியது. கட்டாய உழைப்பில் உருவான பொருளைத் தடுக்கும் ஐரோப்பியச் சட்டம் 2027 டிசம்பர் 14 முதல் அமலாகிறது. சம்பளப் பதிவேடும் விடுதி வெளியேறும் பதிவும் மேசையில் இருக்கட்டும். தொழிலாளர்களோடு பேசும்போது சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கக் கூடாது. மொழிபெயர்ப்பாளர் வெளியாளாக இருக்க வேண்டும். ஒடிசாக்காரர்கள் நிறைந்த லைனில் தமிழ் மட்டும் தெரிந்தவர் போய் நின்று பயனில்லை, ஒடியா தெரிந்தவர் வேண்டும்.

பரிசு விஷயத்தில் கவனம். ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் 150 யூரோவுக்குக் குறைவான மரியாதைப் பொருளைத்தான் வாங்கலாம். விலையுயர்ந்த சிறுமுகைப் பட்டு நீட்டினால் அவர்களுக்குத்தான் சங்கடம். சின்னதாக ஒரு பவானி ஜமக்காளம் போதுங்க. நம் எம்.பி. அங்கே போகும்போது நம் சரக்கை வாங்கும் வெளிநாட்டு பையரை டிக்கெட் எடுக்கச் சொல்லவே கூடாது. 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி, வெளிநாட்டு உபசரிப்பை ஏற்க மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும்.

அவர்கள் ஊர் திரும்பிய பத்து நாளுக்குள், கேட்ட ஆவணங்களை அனுப்பிவிடுங்கள். உறுப்பினருக்கு எழுதும் கடிதத்தின் நகல் அவருடைய உதவியாளருக்கும் போகட்டும். குழுவில் ஓட்டெடுப்பு வரும் வாரத்தில் உங்கள் ஃபைலை எடுத்து மேலே வைப்பவர் அந்த உதவியாளர்தான்.