முள்ளம்பன்றி வரும் கொல்லை

ஏற்காட்டில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கை முள்ளம்பன்றி இரவோடிரவாகத் தோண்டித் தின்றுவிடும். கறுப்பும் வெள்ளையுமாக வரியோடிய முள் ஒன்றிரண்டு பாத்தியில் கிடப்பதைக் கொண்டே வந்தது எதுவென்று அறிந்துகொள்வோம். அது வேலிக்கு அடியில் தோண்டி நுழைவதால் வேலியை உயர்த்திப் பயனில்லை. ஆகவே கம்பி வலையை ஓரடி ஆழம் புதைத்து, அடிப்பகுதியை வெளிப்புறமாக ‘ட’ வடிவில் மடித்து, கருங்கல் சல்லி கொட்டி மூடினோம்; வேலியோரம் தோண்டும் விலங்கு மடித்த வலையின் மீதே நிற்பதால் அதற்குக் கீழே போக வழியில்லை.

குரங்குகளை வலை தடுக்காது. கொய்யாவை அவற்றுக்கே விட்டுவிட்டு, அவை எங்கள் கொல்லையில் சீண்டாத இஞ்சியையும் மஞ்சளையும் எங்களுக்கென்று வைத்துக்கொண்டோம் (மாமியாருக்கு இதில் இன்றும் உடன்பாடில்லை).

வேலியில் மின்சாரம் பாய்ச்சச் சொன்னவர்களும் உண்டு. வீட்டு இணைப்பிலிருந்து நேரடியாக மின்சாரம் பாய்ச்சிய கம்பி காட்டெருமையை மட்டுமல்லாமல் மனிதரையும் கொல்லும் என்பதோடு, காட்டெருமை 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு என்பதால், அந்தப் பேச்சுக்கே நான் இடங்கொடுக்கவில்லை. காட்டெருமை வந்தால், அது தானாகப் போகும்வரை கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்கிறோம். சமையலறைக் கழிவைத் திறந்தவெளியில் கொட்டாமல் மூடியுள்ள தொட்டியில் மட்கவைக்கிறோம்.